டூட்டி வந்த வீடு

குணசுந்தரிக்குப் பூனை என்றால் உயிர் என்று ஊரில் சொல்வார்கள். அவள் அதை ஒத்துக்கொண்டதில்லை. வீட்டில் நெல் கிடக்கிறது, எலி வருகிறது, அதற்காக வைத்திருக்கிறேன் என்பாள். ஆனால் காலையில் அடுப்பிலிருந்து இறங்கும் கஞ்சியில் முதல் கரண்டி பூனைகளின் கொட்டாங்குச்சிக்குத்தான் போகும்.

அவள் பிறந்தது எளாவூர்ப் பக்கம். ஆதிகேசவனைக் கட்டிக்கொண்டு கவரைப்பேட்டைக்கு அருகே ஏரியை ஒட்டிய ஊருக்கு வந்தாள். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், ஓட்டு வீடு, ஒரே மகள் சந்திரகலா. ஆதிகேசவன் அதிகம் பேசமாட்டார். நாள் முழுக்க இருவரும் ஒரே வயலில் நின்றாலும் "மடையைத் தொற", "போதும்", "வா" என்பதற்கு மேல் வார்த்தை வராது. கோபம் வந்தாலும் பேசமாட்டார். எதையாவது செய்துவிட்டு வந்து உட்காருவார்.

1968-ல் அப்படி ஒன்று நடந்தது. வெள்ளச்சி என்ற வெள்ளைப் பூனை முதல் ஈற்றில் விதைநெல் கோணிமேல் குட்டி போட்டுவிட்டது. அந்த நெல்லை இனி விதைக்க முடியாது. குணசுந்தரி களை எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து ஆதிகேசவன் குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கட்டி, ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நெல் குதிருக்குப் பின்னால் உருண்டு கிடந்த ஒரு சாம்பல் நிறக் குட்டி மட்டும் அவர் கண்ணில் படாமல் தப்பியது.

குணசுந்தரி சண்டை போடவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. வெள்ளச்சி வீடு முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தது. மறுநாள் ஆதிகேசவன் யாரிடமும் சொல்லாமல் ஏரியைச் சுற்றிப் போய்த் தேடினார் போலிருக்கிறது. முழங்கால்வரை சேற்றோடு வெறுங்கையாகத் திரும்பினார். அவளும் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டாலே வெள்ளச்சி எழுந்து போய்விடும். சாம்பா என்று பெயர் வைத்த அந்தக் குட்டியும் தாயைப் பார்த்து அப்படியே பழகிக்கொண்டது. அவர் சாப்பிட்டு எழுந்து வெளியே போகும்வரை இரண்டும் கொல்லையில் நிற்கும். வருடக்கணக்காக அந்த வீட்டில் இது வழக்கமாகிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மழை சரியாகப் பெய்யவில்லை. ஏரி பாதிகூட நிரம்பாத ஒரு வருடம் ஆதிகேசவன் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு தகர ஷெட், அதில் காவல் வேலை. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, அடுக்கு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போவார். வீட்டில் மீன் குழம்பு வைக்கும் நாட்களில், "தலையெல்லாம் எனக்குக் கட்டிடு" என்று சொல்ல ஆரம்பித்தார். முன்பெல்லாம் மீன் தலையைத் தொடாத மனிதர். கம்பெனி வேலை பசியைக் கிளப்புகிறது போலும் என்று நினைத்துக்கொண்டு, குணசுந்தரி கேரியரின் மேல் தட்டில் தலைகளைத் தனியாக வைத்துக் கொடுப்பாள்.

1975 புரட்டாசியில் ஒரு பகல் ஷிப்டில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

வேப்பம்பட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த சந்திரகலா வந்து தாயுடன் தங்கினாள். கருமாதி முடிந்ததும் வீட்டைப் பூட்டி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போவது என்று அவளும் அவள் கணவனும் பேசி வைத்திருந்தார்கள். குணசுந்தரி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்து சில நாட்களில் ஆதிகேசவனோடு வேலை பார்த்த மணவாளன் வந்தான். கம்பெனியில் லாரிகளுக்கு எடை போடுகிறவன். அவரை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவன்.

"அண்ணி, அண்ணனோட சாமான்லாம் ஷெட்டுல அப்படியே கீது. நானே எட்தாந்திருப்பேன். ஆனா ஒண்ணு மட்டும் என் கைக்கு வரமாட்டேங்குது. நீங்களே வந்து பாத்தீங்கன்னா தேவலை."

"இன்னாது அது?"

"வந்து பாருங்கண்ணி. சொன்னா நம்பமாட்டீங்க."

சந்திரகலாவுக்குப் பிடிக்கவில்லை. "கருமாதி முடிஞ்ச ஈரங்கூடக் காயல. இப்பப் போய் நீ வெளிய தெருவுல நடந்தா ஊரு இன்னா பேசும்?"

"பேசிட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு குணசுந்தரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மணவாளனோடு கிளம்பினாள். கணவர் இத்தனை வருடம் வேலை செய்த இடத்தை அவள் பார்த்ததே இல்லை.

ஷெட் சின்னதுதான். ஆணியில் அவர் கழற்றி மாட்டியிருந்த காக்கிச் சட்டை தொங்கியது. கீழே கழுவி வைத்த டிபன் கேரியர், ஒரு துண்டு, செருப்பு. புதிதாக வந்திருந்த காவல்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய் நின்றார். அவள் சட்டையை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது பகல் சாப்பாட்டுக்குச் சங்கு ஊதியது.

அடுக்கி வைத்திருந்த பலகைகளுக்கு அடியிலிருந்து ஒரு பூனை வந்தது. பெண் பூனை, வரி வரியாக இருந்தது. ஒரு காது கிழிந்து ஆறியிருந்தது. விலா எலும்பு தெரிந்தது. யாரையும் பார்க்காமல் நேராக வந்து, காலியாகக் கிடந்த ஸ்டூலின் எதிரே உட்கார்ந்து, வாலைக் காலைச் சுற்றி வைத்துக்கொண்டது.

"இதாண்ணி அது" என்றான் மணவாளன். "அண்ணன் வளத்தது."

"யாரு, அவரா?"

"ஆமாண்ணி. அவரு டூட்டிக்கு வந்தா இதுவும் வந்துடும். நைட்னா நைட்டு, பகல்னா பகல். அதனால நாங்கதான் டூட்டின்னு பேரு வெச்சோம். அப்புறம் அவரும் அப்படியே கூப்ட ஆரம்பிச்சிட்டாரு. மீன் தலை இருந்தா மொதல்ல இதுக்கு வெச்சிட்டுத்தான் அவரு கையைக் கழுவுவாரு."

குணசுந்தரி ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பூனை அவள் முகத்தைப் பார்த்தது. நெருங்கி வரவில்லை, ஓடவும் இல்லை.

"நான் ஒருவாட்டி கேட்டேன்" என்று மணவாளன் தொடர்ந்தான். "ஊட்டுலயும் பூனை கீதாண்ணான்னு. ரெண்டு கீது, என்னக் கண்டா ஓடிடும், ஓடறாப்ல நான்தான் பண்ணிட்டேன்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல."

அந்த வார்த்தையை அவர் வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளும் அவரைச் சொல்ல விட்டதில்லை.

புதிய காவல்காரருக்குப் பூனை ஆகாது, கோலெடுத்து விரட்டுகிறார், வேறு யார் சோறு போட்டாலும் அது தொடுவதில்லை, பிடிக்கப் போனால் கையைக் கிழிக்கிறது என்று மணவாளன் சொன்னான். பலகைகளையும் சீக்கிரம் எடுத்துவிடப் போகிறார்களாம்.

"நான் எட்துகினு போறேன்" என்றாள் குணசுந்தரி.

"ஒரு சாக்கு கொண்டாரேன் அண்ணி. அமுக்கிப் போட்டுக் கட்டிடலாம்."

"சாக்கு வேணாம்."

அவள் குரலைக் கேட்டு மணவாளன் திடுக்கிட்டுப் போனான். பிறகு கேன்டீனிலிருந்து காய்கறிக் கூடைகள் இரண்டைக் கேட்டு வாங்கி வந்தான். அவள் ஒன்றில் காக்கிச் சட்டையை விரித்துத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். பூனை கூடையைச் சுற்றி வந்தது. சட்டைக் காலரை முகர்ந்தது. காலை உள்ளே வைத்து, வெளியே எடுத்து, மறுபடி வைத்து, கடைசியில் உள்ளே ஏறிச் சுருண்டுகொண்டது. மற்ற கூடையை மேலே கவிழ்த்து அவருடைய துண்டால் கட்டினார்கள். ரயில் கிளம்பியதிலிருந்து கவரைப்பேட்டை வரும்வரை அது அடித்தொண்டையில் கத்திக்கொண்டே வந்தது. பெட்டியில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அவசரப்பட்டுவிட்டாள். கூடத்தின் நடுவில் கூடையை வைத்துக் கட்டை அவிழ்த்தாள். டூட்டி தலையைத் தூக்கிய அதே நேரம் அடுப்படியிலிருந்து வெள்ளச்சி வந்தது. ஒரு கணம் இரண்டும் அசையாமல் நின்றன. பிறகு வெள்ளச்சி பாய்ந்தது. முடி பறந்தது. சாம்பா சுவரேறி ஓட்டுக்குப் போய்விட்டது. பிரிக்கப் போன குணசுந்தரியின் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை எந்தப் பூனையின் நகமோ கிழித்தது. டூட்டி தண்ணீர்ப் பானையை உருட்டிவிட்டு நெல் அறைக்குள் ஓடிக் குதிருக்கு அடியில் புகுந்துகொண்டது. வெள்ளச்சி அறை வாசலில் நின்று உறுமிவிட்டு, கொல்லைப்புறமாகப் போனது. அன்று திரும்பவே இல்லை.

"இன்னா பேஜாரும்மா இது!" என்றாள் சந்திரகலா, அம்மாவின் கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே. "சாவு உழுந்த ஊடு. இப்ப எங்கிருந்தோ ஒரு பூனைய இஸ்துகினு வந்து, இருக்கறதையும் தொரத்திட்டியே."

குணசுந்தரிக்கும் அதே எண்ணம்தான். இரண்டு பூனைகளையும் கெடுத்துவிட்டோமோ என்று இருந்தது. மறுநாள் வெள்ளச்சி வாய்க்கால் பக்கமிருந்து வந்து, வீட்டுக்குள் நுழையாமல் கிணற்றடியிலேயே நின்றது. கொட்டாங்குச்சியை அங்கேயே கொண்டுபோய் வைத்தாள்.

சந்தையிலிருந்து புது மாடு ஓட்டி வந்தால் பழைய மாட்டோடு ஒரே முளையில் யாரும் கட்டமாட்டார்கள். தனியாகக் கட்டி, தூரத்திலிருந்தே ஒன்றையொன்று பார்க்கவிட்டு, வைக்கோலை மாற்றி மாற்றிப் போட்டு, பிறகுதான் பக்கத்தில் கட்டுவார்கள். அது அவளுக்குப் பழகிய வேலை. பூனைக்கும் அப்படித்தானே செய்திருக்கவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நெல் அறைக் கதவைச் சாத்தினாள். டூட்டிக்கு உள்ளேயே தண்ணீரும், ஒரு மூலையில் ஏரி மணலும் வைத்தாள்.

ஆனால் டூட்டி சாப்பிடவில்லை. கெண்டை மீனைப் பிசைந்து வைத்தும் குதிருக்கு அடியிலிருந்து வரவில்லை. கண் மட்டும் தெரிந்தது. சாயங்காலம் ஆனால் கத்தும். குட்டிகளைத் தொலைத்த வருடம் வெள்ளச்சி கத்தியது போலவே இருந்தது அந்தக் குரல். சந்திரகலா காதைப் பொத்திக்கொண்டு வாசலில் போய் உட்காருவாள்.

ஒரு நாள் குணசுந்தரி டிபன் கேரியரின் மேல் தட்டை எடுத்து, அதில் சோறும் மீன் தலையும் வைத்துக் கொண்டுபோனாள். தட்டு தரையில் பட்டு அந்தச் சத்தம் கேட்டதும் டூட்டி வெளியே வந்தது. முழுவதும் தின்றது. தட்டை நக்கி முடித்துவிட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்து காத்திருந்தது. யாருக்காகக் காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவர் செத்த நாளிலிருந்து பெண்களோடு சேர்ந்து மாரடித்தபோதுகூட வராத அழுகை, அந்த இருட்டறையில், நெல் மூட்டையில் சாய்ந்துகொண்டு தனியாக இருந்தபோது வந்தது.

அதன் பிறகு தினமும் கதவுக்கு உள்ளே டூட்டிக்கும், வெளியே மற்ற இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு வைத்தாள். முதலில் வெள்ளச்சி கதவின் பக்கமே வரவில்லை. அதன் கொட்டாங்குச்சியைக் கூடத்துக்கு அந்தக் கடைசியில் வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். சாம்பா சீக்கிரம் வந்துவிட்டது. கதவின் அடியில் மூக்கை நீட்டி முகரும். உள்ளிருந்து டூட்டி சீறும். சாம்பா பின்வாங்கும், மறுபடி வரும். வெள்ளச்சி தின்றுகொண்டே உறுமும்.

காக்கிச் சட்டையைக் கூடையிலிருந்து எடுத்து, துவைக்காமல் தன் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள் குணசுந்தரி. அதில் எண்ணெயும் பீடியும் வியர்வையும் கலந்த அவருடைய வாசனை இருந்தது. காலையில் பெட்டியைத் திறந்து ஒரு தரம் முகத்தில் வைத்துக்கொள்வாள். மகளுக்கும் அது தெரியும். சந்திரகலாவும் அம்மா இல்லாத நேரத்தில் அதையே செய்தாள்.

பெட்டியில் பூச்சி வராமல் இருக்க ஒரு மத்தியானம் அந்தச் சட்டையைக் கொல்லைக் கயிற்றில் நிழல் பார்த்துப் போட்டிருந்தாள். காற்றுக்கு அது கீழே விழுந்தது. எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளச்சி சட்டையை முகர்ந்துகொண்டிருந்தது. கை மடிப்பிலிருந்து தொடங்கிக் காலர்வரை நிதானமாக முகர்ந்தது. ஏழு வருடம் அந்த மனிதரின் காலடிக்கு எழுந்து ஓடிய பூனை, சட்டையை முன்காலால் இரண்டு மிதி மிதித்து, அதன்மேல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

மாலைவரை அவள் அதை எழுப்பவில்லை. வெள்ளச்சி எழுந்து போனதும் சட்டையை எடுத்துக்கொண்டு நேராக நெல் அறைக்குப் போய் டூட்டிக்கு விரித்துப் போட்டாள்.

சந்திரகலா பின்னாலேயே வந்தாள். "அம்மா, இன்னா பண்ற? நைனா சொக்காய்மா அது! அவரு வாசன அதுல மட்டுந்தான் கீது. பூனைக்குப் போட்டா எத்தினி நாளைக்கு நிக்கும்?"

"நிக்காது."

"தெரிஞ்சேவா போடற?"

"பொட்டியில வெச்சிருந்தா மட்டும் நிக்குமா? நாளுக்கு நாள் கொறஞ்சிக்கினுதான் வருது. உனக்குந்தான் தெரியுமே." குணசுந்தரி மகளின் கையைப் பிடித்தாள். "இது ரெண்டுத்துக்கும் பொதுவா தெரிஞ்சது அந்த வாசன ஒண்ணுதான். இருக்கறப்பவே போட்டுட்டா தேவலை."

சந்திரகலா அழுதுகொண்டே போய்விட்டாள்.

சட்டை ஒரு நாள் உள்ளே டூட்டியிடமும் மறுநாள் வெளியே வெள்ளச்சியிடமும் கிடந்தது. முதல்முறை டூட்டி படுத்த சட்டை வெளியே வந்தபோது வெள்ளச்சி முடியைச் சிலிர்த்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தது, படுக்கவில்லை. சாம்பா படுத்தது. பிறகொரு நாள் வெள்ளச்சியும் ஓரத்தில் படுத்தது. கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்ட சமயம், குணசுந்தரி சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். பூனை வாசனைதான் வந்தது. காலருக்குள், தையல் மடிப்பில், அக்குளில் என்று எல்லா இடத்திலும் தேடினாள். இல்லை. கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மறுபடி தரையில் விரித்தாள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் நெல் அறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தாள். கையில் முறத்தை வைத்துக்கொண்டாள், மறுபடி பாய்ந்தால் நடுவில் நீட்ட. சந்திரகலா அடுப்படி நிலையில் நின்று பார்த்தாள். டூட்டி தலையை நீட்டிக் கூடத்தைப் பார்த்தது. சாம்பா எழுந்து வந்து அதன் மூக்கருகே மூக்கை வைத்துவிட்டு ஒதுங்கியது. வெள்ளச்சி கொட்டாங்குச்சியை விட்டு நிமிர்ந்தது. அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு சத்தம் எழுப்பியது. டூட்டி காதை மடக்கிக்கொண்டு தரையோடு பதுங்கியது, ஆனால் ஓடவில்லை. குணசுந்தரி முறத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். வெள்ளச்சி பார்வையை எடுத்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டி, சுவரோடு ஏறிப் பரணில் போய் உட்கார்ந்தது.

அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் அவை ஒட்டிக்கொள்ளவும் இல்லை. பரண் வெள்ளச்சிக்கு, நெல் அறை டூட்டிக்கு, அடுப்படி யார் முந்துகிறதோ அதற்கு என்று அவையே பங்கிட்டுக்கொண்டன. வழியில் எதிர்ப்பட்டால் ஒன்று நிற்கும், மற்றது கடந்து போகும். சீறல் எப்போதாவது கேட்கும். ரத்தம் வந்ததில்லை.

தை மாதம் சந்திரகலா புறப்பட வேண்டியதாகிவிட்டது. மூட்டை கட்டிக்கொண்டே, "உன் துணியையும் எட்து வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"நான் வரலை கலா. வந்து பாத்துட்டுப் போவேன். அங்கியே இருக்கமாட்டேன்."

"எங்களவிட இதுங்க பெருசா போச்சா உனக்கு?"

மகள் கோபத்தில் கேட்டாலும் அது கேட்கவேண்டிய கேள்விதான் என்று குணசுந்தரிக்குப் பட்டது. "பெருசு சின்னது இல்ல. உங்க நைனா என்னாண்ட சொல்லாமயே வெச்சிருந்தது எத்தினியோ கீது. மணவாளன் வந்தா ஒண்ணு ரெண்டு சொல்றான். இந்த ஊட்டுல இருந்துகினு அதெல்லாம் கேட்டுக்கணும்னு இருக்குது எனக்கு. அங்க வந்தா கேக்க ஆளு ஏது?"

சந்திரகலா மூட்டையின் முடிச்சை இழுத்துக் கட்டினாள். ரயிலேறும்போது அம்மாவின் கையை விடவே இல்லை.

மணவாளன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான். சில சமயம் அவன் மனைவி கிரேஸும் கூட வருவாள். ஆதிகேசவன் மழைநாளில் லாரி டிரைவர்களைத் தன் ஷெட்டில் படுக்கவிட்டது, நெல்லூர்க்கார டிரைவர் ஒருவரிடம் தெலுங்கு கற்றுக்கொள்ளப் பார்த்தது, வீட்டுக்காரி கை மணம் வேறு யாருக்கும் வராது என்று கேரியரைத் திறக்கும்போதெல்லாம் சொன்னது என்று ஒவ்வொன்றாகச் சொல்வான். குணசுந்தரி ஒன்றையும் இரண்டாம் தரம் சொல்லச் சொல்லமாட்டாள். கேட்டுக்கொண்டு தலையை ஆட்டுவாள். அவர்கள் போன பிறகு வெகுநேரம் விளக்கை ஏற்றாமல் உட்கார்ந்திருப்பாள்.

நிலத்தில் பாதியைக் குத்தகைக்கு விட்டாள். மீதியில் ஆட்களோடு தானும் இறங்கி நட்டாள். சந்திரகலாவின் பிரசவத்துக்கு வேப்பம்பட்டு போய்த் தங்கியபோது கிரேஸ்தான் வந்து பூனைகளுக்குச் சோறு வைத்தாள். கோபமெல்லாம் போய், சந்திரகலாவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவோடு பத்து நாள் இருந்துவிட்டுப் போவாள்.

1978 சித்திரையில் வெள்ளச்சி செத்தது. வயதாகிவிட்டது. பரணில் ஏற முடியாமல் கடைசி நாட்களில் கூடத்து மூலையில்தான் கிடந்தது. சாம்பா அதை நக்கிக் கொடுக்கும். டூட்டி எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு மேல் நெருங்கியதும் இல்லை, அந்த மூலையின் வழியாகக் குறுக்கே நடந்ததும் இல்லை. முருங்கை மரத்தடியில் குழி தோண்டி, குணசுந்தரி தன் கையாலேயே மண்ணைத் தள்ளினாள்.

பரண் காலியாயிற்று. அங்கே கதகதப்பாக இருக்கும், எலியும் வரும். டூட்டி இனி அங்கே போய்விடும் என்று குணசுந்தரி நினைத்தாள். மழைக்காலம் வந்தது, போனது. அது ஏறவில்லை. பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது அவள் ஏணி வைத்து ஏறிப் பார்த்தாள். வெள்ளச்சி படுத்த இடத்தில் பழம்பாய் குழிந்து கிடந்தது, வெள்ளை முடி ஒட்டியிருந்தது. அந்த வாசனை இருக்கும்வரை டூட்டி இங்கே ஏறாது என்று அவளுக்குப் பட்டது. பாயைக் கீழே இறக்கி உதறி, கிணற்றடியில் அலசி, வெயிலில் போட்டாள்.